ஒழுகாத குழாய்

மேஸ்திரி என்பது ஒரு நாயின் பெயர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு பெரிய மனிதரை நாலு காலில் நடக்கவிட்டதாகக் கதை சொல்பவர்மேல் பழி வரும்.

பிளம்பர் எங்கே வேலைக்குப் போனாலும் அதுவும் கூடவே போகும். அவர் குழாயைக் கழற்றும்போது எதிரே உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, 'வாஷரை மாத்தினியா இல்லையா' என்கிற மாதிரி பார்க்கும். வேலை செய்பவனுக்கு ஒரு கூலியும் மேற்பார்வை பார்ப்பவருக்கு ஒரு பிஸ்கட்டும் என்று வீட்டுக்காரர்களே ஏற்பாடு செய்து, பெயரையும் அவர்களே வைத்துவிட்டார்கள். பிளம்பர் அதை மறுக்கவில்லை. தனியாகக் குழாயோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு மேஸ்திரி வந்த பிறகு கேட்க ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த நாய் இல்லாத ஒரு நாளை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்பது தெருவுக்கே தெரியும்.

ஒரு நாள் காலையில் பிளம்பரின் சொந்த வீட்டில், குளியலறைச் சுவரை ஒட்டின நடைவழியில், தரையில் தண்ணீர் தேங்கி நின்றது. துடைத்துவிட்டார். மறுநாள் காலையிலும் நின்றது.

ஊரில் பாதி வீட்டு ஒழுக்கை அடைத்தவர் வீட்டில் ஒழுக்கு. அவர் மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வாசல்ல மாட்டியிருக்கற போர்டைக் கழட்டி உள்ள வெச்சிடுங்க. யாராவது பாத்தா மானம் போயிடும்."

பிளம்பருக்குச் சுருக்கென்றது. வால்வு எல்லாவற்றையும் மூடினார், மீட்டரைப் பார்த்தார். முள் அசையவில்லை. அப்படியானால் இது வீட்டுக் குழாய் இல்லை. பிறகு தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். தரையில் நின்ற தண்ணீரை விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, முகர்ந்து, நாக்கு நுனியில் ஒற்றிப் பார்த்தார். தொட்டித் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா என்று நாக்கை வைத்தே சொல்லிவிடுவார். தொழிலில் அவருக்கு இருந்த பெருமையில் பாதி அந்த நாக்கில்தான் இருந்தது.

"லேசா உப்பு. போர் தண்ணி," என்றார்.

"நம்ம வீட்டுக்கு போர் ஏதுங்க?"

"பக்கத்து வீட்ல இருக்குல்ல. அங்கேருந்து அடியில ஊறி வருது."

சொன்னதோடு விட்டாரா என்றால் இல்லை. உளியை எடுத்துச் சுவரின் அடிப்பகுதியைப் பெயர்த்தார், ஓடுகளைத் தூக்கினார். உள்ளே இருந்த குழாய் காய்ந்த கட்டையாகக் கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தப் புழுதிக்கு நடுவே மேஸ்திரி படுத்த இடத்திலேயே கிடந்தது. மேற்பார்வை பார்க்க எழுந்து வரவில்லை. உடைத்த வீறாப்பில் பிளம்பர் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தது மனைவிதான். நாய் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது. தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் வைக்க வைக்கக் காலி செய்கிறது. எழுந்திருக்கச் சொன்னால் முனகுகிறது. அன்று காலை மஞ்சளாக வாந்தி வேறு.

"இடுப்புப் பிடிப்பா இருக்கும்," என்றார் பிளம்பர். "எனக்கும்தான் காலெல்லாம் வலிக்குது. வேலை அப்படி."

"உங்க வைத்தியத்தை நீங்களே வெச்சிக்கோங்க. தங்கச்சிகிட்ட தூக்கிட்டு வாங்க."

தங்கச்சி கால்நடை மருத்துவர். இரண்டு தெரு தள்ளி கிளினிக். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவே எப்போதும் டெட்டால் வாசனை. பிளம்பருக்கு மச்சினி முறை என்பதால் கேலிக்குக் குறைச்சலே இல்லை. கடிக்காத பேஷண்ட் ஒன்றாவது உண்டா என்று கேட்பார். அவளும் சளைத்தவள் இல்லை. தன் பேஷண்டுகள் கடிக்கத்தான் செய்யும், பேசாது, அது ஒரு புண்ணியம் என்பாள். வருஷா வருஷம் போடவேண்டிய தடுப்பூசிக்கு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அவள் கேட்டபடி இருந்தாள். "மேஸ்திரிக்கு லீவு கிடைக்கலம்மா" என்று அவரும் சொல்லியபடி இருந்தார்.

அன்று அவள் வேடிக்கைப் பேச்சுக்கு வரவில்லை. நாயை மேஜையில் படுக்க வைத்து, காய்ச்சல் பார்த்தாள். முதுகின் இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தினாள். அது வெடுக்கென்று விலகியது. பிறகு மேஜையையே ஜன்னல் பக்கம் உருட்டிக்கொண்டு போனாள். பல்ப் வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியாதாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள், இமையை விலக்கி வெள்ளையைப் பார்த்தாள், காதின் உட்புறத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தாள்.

சும்மா நிற்க முடியாத பிளம்பர் ஒழுக்குக் கதையை எடுத்துவிட்டார். எத்தனை வருஷத் தொழில், சொந்த வீட்டில் கண்ணைக் கட்டிவிட்டது, சுவரை உடைத்தும் குழாய் காய்ந்து கிடக்கிறது என்று ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். எல்லாரும் சிரிக்கும் இடத்துக்கு வந்தபோது அவள் சிரிக்கவில்லை. நாயின் மேல் வைத்த கை அப்படியே நின்றது.

"அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு மாமா?"

"தெளிவா இருந்துச்சு. நிறமே இல்ல. வாடையும் இல்ல."

"காலைல மட்டும்தானா?"

"ஆமா. ராத்திரியில ஊறும்போல."

"மேஸ்திரி ராத்திரி எங்க படுக்கும்?"

அந்த நடைவழியில், அந்தச் சுவரை ஒட்டித்தான்.

"அது வீட்டுக்குள்ள மூத்திரம் போகாதும்மா," என்றார் பிளம்பர். "குட்டியா இருந்தப்பவே வெளியில போய்ப் பழகினது."

"வேணும்னு போகல மாமா. அதால அடக்க முடியல. சிறுநீரகம் கெட்டுப்போச்சுன்னா குடிக்கற தண்ணிய அப்படியே தண்ணியாத் தள்ளிடும். அதான் நிறமும் இல்ல, வாடையும் இல்ல. அதான் அத்தனை தாகம்." அவள் நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ரோஜா நிறத்தில் இருக்கவேண்டிய ஈறு மங்கலான மஞ்சளாக இருந்தது. "ஈரலும் சேந்துக்கிட்டிருக்கு. சமீபத்துல எங்கயாவது தேங்கின தண்ணில இறங்குச்சா? எலி இருக்கற இடத்துல?"

இறங்கியது. பத்துப் பதினைந்து நாளைக்கு முன்னால், ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பிளம்பரும் அதில் இறங்கி நின்று மோட்டார் வைத்து இறைக்கும் வேலை. மேஸ்திரி அதில் நீந்தி, தப்பி ஓடின எலிகளைத் துரத்தி, நாலு பேர் கைதட்ட வெளியே வந்தது. அதைப் பெருமையாக ஊர் முழுக்கச் சொன்னவர் அவரே.

"எலிக்காய்ச்சல்னு நெனைக்கறேன்," என்றாள். "எலி மூத்திரத்துல இருக்கற கிருமி தேங்கின தண்ணில கெடக்கும். காயம், கண்ணு, வாய் எது வழியா வேணா உள்ள போகும்."

"நெனைக்கறியா? உறுதியாத் தெரியாதா?"

"தெரியாது. ரத்தமும் சிறுநீரும் எடுத்து அனுப்பறேன். பதில் வர நாளாகும். நான் காத்திருப்பேன், மேஸ்திரியால முடியாது. அதனால இப்பவே ஆரம்பிக்கறேன்."

தெரியாது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் வேலையைத் தொடங்கிய ஓர் ஆளை பிளம்பர் அதுவரை பார்த்ததில்லை. அவருடைய தொழிலில் தெரியாதவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள். அவள் கையுறை மாட்டினாள், ரப்பர் ஏப்ரன் கட்டினாள். மருந்து ஏறுவதற்கு முன்னாலேயே ரத்தத்தை எடுத்து வைத்தாள்; ஏறின பிறகு எடுத்தால் கிருமி தன்னைக் காட்டிக்கொள்ளாதாம். நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. முன்னங்காலில் மயிரை மழித்து, ஒரே குத்தில் ஊசி ஏற்றினாள். அதில் பென்சிலின், வாந்திக்கு ஒரு மருந்து, பிறகு சொட்டுச் சொட்டாக டிரிப்ஸ். இத்தனைக்கும் நடுவே நாயிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை, நாய்க்குக் கேட்டது போலிருந்தது.

பின்னறையில் படுக்க வைத்துவிட்டு வந்தவள், "கையக் காட்டுங்க மாமா" என்றாள். பிளம்பர் கை என்றால் கேட்கவே வேண்டாம். கீறலும் வெடிப்புமாக இருந்தது. "அந்தத் தண்ணிய வெறுங்கையாலயா துடைச்சீங்க?"

"துடைச்சாரா? நாக்குல வெச்சுப் பாத்தாருடி," என்றாள் கூடவே வந்திருந்த மனைவி. "லேசா உப்புன்னு வேற சொன்னாரு."

வேறொரு நாளாயிருந்தால் அக்காவும் தங்கையும் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்கள். அன்று தங்கை முகத்தில் ரத்தமே இல்லை.

"தலைவலி இருக்கா? காய்ச்சல்?"

"தலை பாரமா இருக்கு. கெண்டைக்கால் வலி. வேலைக் களைப்பும்மா."

"இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. நாய்க்கு எலிக்காய்ச்சல் சந்தேகம், அதோட மூத்திரம் கையில பட்டுச்சு, வாயிலயும் பட்டுச்சுன்னு இப்படியே சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. ரத்தம் எடுப்பாங்க."

பிளம்பர் தலையாட்டினார். ஆட்டினாரே தவிரப் போகவில்லை. ஆள் பார்க்கத்தான் தேக்குக் கதவு மாதிரி. ஊசி என்றால் உள்ளங்கால் வரை வியர்த்துவிடும். நாய்க்கு நல்லாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் கிளினிக் வாசலில் மச்சினி குறுக்கே நின்றாள்.

"ரத்தம் கொடுத்தீங்களா?"

"கொடுக்கறேம்மா. மேஸ்திரி எப்படி இருக்கு?"

"கையில பஞ்சு ஒட்டிட்டு வாங்க. அப்பறம் உள்ள விடறேன்."

"என்னம்மா இது, என் நாய்தானே."

"உங்க நாய்தான். என் கதவு."

பிளம்பர் திரும்பிப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. முழங்கை மடிப்பில் பஞ்சு இருந்தது, அதன்மேல் வெள்ளையாக ஒரு சுற்று. அவள் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். குழாய் மறையில் தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றுகிற டெஃப்ளான் டேப். மறையில் சுற்றுவது போலவே ஒரே சீராகச் சுற்றியிருந்தார்.

"ஊசி போட்ட இடத்துல ஒழுகுதா மாமா?" என்றாள்.

அவர் அசடு வழிய நின்றார். அவள் டேப்பைப் பிரித்தாள். பஞ்சு கீழே விழுந்தது. உள்ளே பொட்டுக்கூட இல்லை. சிரிக்கப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

"உள்ள இருக்கறது பொழைக்குமா பொழைக்காதான்னு எனக்கு நெஜமாத் தெரியாது," என்றாள். "நேத்தையவிட மூத்திரம் கொறைஞ்சிடுச்சு. இனிமே நின்னு போகலாம். அதுக்கு என்ன முடியுமோ செய்யறேன். ஆனா உங்களுக்கும் இதே வந்தா நான் என்ன செய்ய முடியும், நீங்களா போகாம? நாய்க்காவது வாய் இல்ல. நாளைக்கு எங்கக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? போங்க மாமா. கெஞ்சிக் கேக்கறேன்."

தன்னை யாரும் கெஞ்சிக் கேட்டு பிளம்பர் பார்த்ததில்லை. மிரட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். நேரே டாக்டரிடம் போனார். மனைவி கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி குத்தும்போது அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மாத்திரையை அன்றே ஆரம்பிக்கச் சொன்னார். இவரும் அப்படியேதான் செய்கிறார் என்று பிளம்பருக்கு மச்சினியின் ஞாபகம் வந்தது.

மாலையில் அவரைப் பின்னறைக்குள் விட்டாள். கையுறை, ஏப்ரன், காலுக்கு ரப்பர் செருப்பு எல்லாம் மாட்டிய பிறகுதான். வாசலில் பிளீச்சிங் கலந்த தண்ணீர் வாளி. மேஸ்திரி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது, வால் நுனி மட்டும் ஒரு தரம் அசைந்தது. சிறுநீர் இறங்க ஒரு மெல்லிய குழாய் போட்டிருந்தாள். அது போய்ச் சேர்ந்த பை காலியாகத் தொங்கியது.

பிளம்பர் பையைப் பார்த்தார், டிரிப்ஸைப் பார்த்தார். "சொட்டு ரொம்ப மெதுவா விழுதேம்மா. கொஞ்சம் திறந்துவிட்டா அடிச்சுக்கிட்டுப் போயிடாதா?"

"அடைச்சிருக்கற லைன்ல மேலேருந்து தண்ணிய விட்டா என்ன ஆகும் மாமா?"

எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா.

"நுரையீரல்ல போய் நிக்கும்," என்றாள். "அதான் எவ்வளவு வெளிய வருதோ அதைப் பாத்துப் பாத்து உள்ள விடறேன். முதல்ல உடம்பு காஞ்சு போயிருந்துச்சு, வேகமா விட்டேன். இப்ப வேகமா விட்டா நானே அதைக் கொன்னுடுவேன். ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின் பெரிய ஊர்லதான் இருக்கு. அவ்வளவு தூரம் இது தாங்காது. மூத்திரம் இறங்க ஒரு மருந்து கொடுத்திருக்கேன். நாளைக்குள்ள இறங்கினா இறங்குச்சு."

மருந்தைக் கொட்டுவதைவிட அளந்து நிறுத்துவதுதான் கஷ்டம் என்று பிளம்பருக்கு அப்போது புரிந்தது. ஒன்றும் செய்யாமல் இருக்கிற மாதிரி தெரியும் அந்த உட்கார்ந்திருப்பில் அவள் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தாள். சொட்டைக் கூட்டினாள், குறைத்தாள். நெஞ்சில் குழல் வைத்து மூச்சைக் கேட்டாள். ஈறைத் தொட்டுப் பார்த்தாள், நாயைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். நடு நடுவே முன்னறைக்குப் போய் ஒரு பூனைக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்தாள். அக்கா கொடுத்தனுப்பின சாப்பாடு மூடியே திறக்காமல் இருந்தது. தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வாள் என்று பிளம்பர் முதல் நாளிலிருந்து பயந்துகொண்டிருந்தார். சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சொல்லாமல் விட்டதில் அவள்மேல் அவருக்கு வந்த மரியாதை, அத்தனை வருஷக் கேலியையும் சேர்த்து அவரை வெட்கப்பட வைத்தது.

மறுநாள் மத்தியானம் அவர் முன்னறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. சத்தமாக இல்லை.

"மாமா. மாட்டிக்கிட்டு உள்ள வாங்க."

அந்த நிதானமே அவருக்குப் பயத்தைக் கொடுத்தது. கையுறையில் விரல் நுழையவில்லை. ஒரு விரலுக்குள் இரண்டு விரல் போனது. உள்ளே அவள் தரையில், பைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். குழாயில் அடர்ந்த மஞ்சளாக ஒரு கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பையின் அடியில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

வாழ்நாள் முழுக்கச் சொட்டுவதை நிறுத்திப் பிழைத்தவர், அது நிற்கக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் பையை ஒரு தடவை மாற்றவேண்டி வந்தது. அவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அக்கா அன்றைக்குக் கொடுத்தனுப்பின சாப்பாட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். கை கழுவிவிட்டு நின்றபடியே அவ்வளவையும் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு மேஸ்திரி தேறத் தொடங்கியது. ஈறில் ரோஜா நிறம் மெல்லத் திரும்பியது. ஒரு நாள் கஞ்சியை நக்கியது, மறுநாள் கிண்ணத்தையே நக்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது அவள் சொல்லி அனுப்பியவை நிறைய: கையுறை இல்லாமல் எதையும் துடைக்கக்கூடாது, பிளீச்சிங் ஊற்றிக் கழுவவேண்டும், ஒதுக்குப்புறமாக ஒரே இடத்தில் போகப் பழக்கவேண்டும், மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது, சிறுநீரகத்தை மறுபடி பரிசோதிக்க வரவேண்டும், குணமானதும் தடுப்பூசி. நாயின் ரிசல்ட்டும் வந்திருந்தது. அவள் நினைத்ததுதான்.

பிளம்பரின் ரிசல்ட் மறுநாள் காலை டாக்டரிடமிருந்து போனில் வந்தது. அவருக்கும் அதேதான். சிறுநீரகத்தை இப்போதுதான் தொடப் பார்த்திருக்கிறது, மாத்திரையை முழுசாக முடித்துவிடுங்கள், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கவேண்டும் என்றார். பிளம்பர் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். பெரிதாக ஒன்றும் உறைக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மனைவி இரண்டு உள்ளங்கையையும் நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஒன்றில் அவர் மாத்திரை, ஒன்றில் மேஸ்திரியின் மாத்திரை.

"எது யாருதுன்னு பாத்து எடுங்க. எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியல."

அவர் பார்த்தார். இரண்டும் ஒரே மாத்திரை. அதே நிறம், அதே பெயர், அளவு மட்டும்தான் வேறு. சொட்டே விழாத அந்தப் பை அவர் கண்முன் வந்தது. அந்த மேஜையில், அந்தப் பைக்குப் பக்கத்தில், தான் படுத்திருக்கவேண்டியது என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி என்ன என்று கேட்டுக்கொண்டிருக்க, போனை எடுத்து மச்சினியைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க மாமா. மேஸ்திரி சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு."

"வாந்தி?"

"இல்ல." மனைவி கையிலிருந்த மாத்திரைகளைப் பார்த்தார். "எனக்கும் அதேதானாம்மா. டாக்டர் போன் பண்ணாரு."

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ ஒரு நாய்க்குட்டி கத்துவது கேட்டது.

"நீ இல்லேன்னா நாங்க ரெண்டு பேருமே இல்லம்மா," என்றார் பிளம்பர்.

அவள் மூக்கை உறிஞ்சுவது போனில் நன்றாகவே கேட்டது. பேச வந்தபோது குரல் உடைந்திருந்தது.

"சாப்பிட்ட பிறகு போடுங்க மாமா. நிறைய தண்ணி குடிங்க."